சைக்கிளில் ஆறு நாள்: நிதி திரட்டப் புறப்படும் முன்



அதிகாலை நான்கு மணிக்குக் காந்தி மார்க்கெட் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே சைக்கிள் இன்னும் ஓய்வு பெறவில்லை. கேரியரில் இரண்டு மூட்டை வெங்காயமும், ஹேண்டில்பாரில் கீரைக்கட்டும் தொங்க, தாராநல்லூருக்கும் வரகனேரிக்கும் உறையூருக்கும் மிதித்துப் போகிறவர்களை இன்றும் பார்க்கலாம். அதே மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் நம் இளைஞர்கள் சிலர் இப்போது வேறொரு யோசனையோடு வருகிறார்கள். "ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரு வாரம் சைக்கிளில் போய், நோயாளிகளுக்கு நிதி திரட்டலாமா?" என்கிறார்கள்.

பெரியவர்கள் உடனே கேட்கும் கேள்வியும் நியாயமானதுதான். "தம்பி, ஆளுக்கு ஐயாயிரம் செலவழித்து ஊர் சுற்றுவதற்குப் பதில், அந்த ஐயாயிரத்தை நேரே கொடுத்துவிட்டால் முடிந்தது அல்லவா?"

இரண்டு கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை. இப்படிப்பட்ட பயணங்கள் உலகில் எப்படி நடக்கின்றன, எங்கே சறுக்கின, நம் ஊரிலிருந்து ஒரு குழு கிளம்பினால் பணம், உடல், சைக்கிள், சாலை என்று எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

இது புதிய வழக்கமா?

1980-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரைச் சேர்த்துக் கொண்டு மாநிலத்தின் குறுக்கே இரண்டு நாள் சைக்கிளில் சென்றார். அந்த முதல் பயணத்தில் சேர்ந்த தொகை 10,200 டாலர். பாஸ்டன் நகரத்துப் புற்றுநோய் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. 'பான் மாஸ் சேலஞ்ச்' என்ற பெயரில் இன்றும் ஆண்டுதோறும் அது நடக்கிறது, ஆயிரக்கணக்கானவர்கள் மிதிக்கிறார்கள்.

நம் மொழி பேசும் மண்ணுக்கு அருகில் இன்னொரு சான்று உண்டு. 2011-இல் இலங்கையின் தென்முனையான தெவுந்தரவிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை, ஏறத்தாழ 670 கிலோமீட்டரை ஒரு குழு 27 நாளில் நடந்தே கடந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வழியெங்கும் அதில் சேர்ந்து நடந்தார்கள். நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. அந்தப் பணத்தில் கட்டடம் எழுந்தது. அவர்கள் சென்றது கால்நடையாக என்றாலும், பல நாள் பயணம், குழு, ஒரே நோக்கம் என்ற இலக்கணம் ஒன்றுதான்.

2017-இல் லண்டனிலிருந்து எட்டு முஸ்லிம்கள் சைக்கிளில் புறப்பட்டு, ஐரோப்பிய நாடுகளைக் கடந்து, கடல் குறுக்கிட்ட இடத்தில் கப்பலேறி, ஏறத்தாழ ஆறு வாரத்தில் மதீனாவை அடைந்து, பிறகு ஹஜ் செய்தார்கள். சிரியாவில் போரால் அவதிப்பட்ட மக்களின் மருத்துவ உதவிக்காக அந்தப் பயணத்தில் நிதி திரட்டப்பட்டது.

நம் மாநிலத்துக்கு வந்தால், 2008 டிசம்பரில் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரீஸ்' நினைவுக்கு வரும். கர்நாடகம், தமிழகம், கேரளம் ஆகிய மூன்று மாநில மலைப்பாதைகளில் எட்டு நாள் அளவில் மிதிக்கும் பயணம் அது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஊட்டியைத் தொடுவது அதில் பேர்போன கட்டம். கலந்து கொள்பவர்கள் கட்டணத்தைத் தாங்களே செலுத்துகிறார்கள். அதற்கு மேல் தொண்டுப் பணிகளுக்கென நிதி திரட்டி மிதிப்பவர்களும் உண்டு.

பக்கத்து மாவட்டத்தையும் மறக்கக் கூடாது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்றுக் கொள்வதையும் எழுத்தறிவோடு சேர்த்தார். சில ஆண்டுகளில் லட்சம் பெண்கள் அளவுக்கு மிதிக்கக் கற்றார்கள். கட்டுப்பாடான குடும்பங்களிலிருந்து வந்த முஸ்லிம் பெண்களும் அதில் இருந்தார்கள். தனியாக ஒரு பெண் ஏறியிருந்தால் தெரு கேலி பேசியிருக்கும். நூறு பேர் சேர்ந்து ஏறியபோது தெரு வழிவிட்டது. குழுவின் பலம் என்ன என்பதை ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஊரே நமக்குக் காட்டிவிட்டது.

பெரியவர்களின் கேள்விக்குப் பதில்

நேரே கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், அதுவே எளிது. ஆனால் எட்டு பேர் ஆளுக்கு ஐயாயிரம் கொடுத்தால் நாற்பதாயிரம், அத்துடன் முடிந்தது. அதே எட்டு பேர் ஆறு நாள் வெயிலில் மிதிக்கப் போகிறோம் என்று ஆளுக்கு ஐம்பது பேரிடம் சொன்னால், நானூறு பேர் ஒரு நோயாளியின் நிலையைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள். இதுவரை கேட்கப்படாதவர்கள் கேட்கப்படுகிறார்கள். இதுதான் இப்பயணங்களின் உண்மையான பயன்.

ஆனால் பெரியவர்களின் அச்சத்துக்கும் வரலாற்றில் ஆதாரம் உண்டு. 1994-இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை எய்ட்ஸ் நோயாளிகளுக்காக ஏழு நாள் சைக்கிள் பயணம் தொடங்கியது. ஏராளமான பணம் சேர்ந்தது. ஆனால் பயணத்தை நடத்தும் செலவும் விளம்பரச் செலவும் கூடிக்கொண்டே போயின. கொடுத்த ரூபாயில் எவ்வளவு நோயாளிக்குப் போகிறது என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் பயன்பெறும் தொண்டு நிறுவனங்களே பழைய ஏற்பாட்டிலிருந்து விலகி, 2002-இல் தாங்களே புதிய பயணத்தை நடத்தத் தொடங்கின.

மாசசூசெட்ஸ் பயணம் இதற்கு நேர் எதிரான வழியில் போயிற்று. பங்கேற்பாளர் செலுத்தும் பதிவுக் கட்டணமும் நிறுவனங்களின் உதவியும் நடத்தும் செலவுக்கு. மிதிப்பவர் பிறரிடம் திரட்டும் பணம் முழுவதும் மருத்துவ நிலையத்துக்கு. இரண்டும் தனித்தனிப் பைகள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேன் வாடகை, தங்குமிடம், சாப்பாடு, டி-ஷர்ட், பேனர் எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் செலவு என்று வையுங்கள். ஊரிலிருந்து சேர்ந்தது எண்பதாயிரம். செலவைச் சேர்ந்த பணத்திலிருந்து எடுத்தால் நோயாளிக்குப் போவது இருபதாயிரம். இப்படி நடந்தால் பெரியவர்கள் சொன்னதே சரி. செலவை மிதிப்பவர்களும், "வேன் நான் தருகிறேன்", "ஒருநாள் சாப்பாடு என் பொறுப்பு" என்று முன்வருபவர்களும் ஏற்றுக் கொண்டால், எண்பதாயிரமும் நோயாளிக்குப் போகும்.

எனவே முதல் விதி இது: பயணச் செலவு நம்முடையது, திரட்டிய பணம் அமானிதம். இதற்கு உடன்படாத குழு கிளம்ப வேண்டாம்.

பணத்தைக் கையாளுவது

*நோக்கம் ஒன்றாக இருக்கட்டும்.* "ஏழைகளுக்கு உதவி" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் மனதில் பதியாது. பிறகு கணக்குக் காட்டவும் முடியாது. எடுத்துக்காட்டாக, டயாலிசிஸ் செய்து கொள்பவரை எடுத்துக் கொள்வோம். சிகிச்சை காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்தாலும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆட்டோவிலோ பஸ்ஸிலோ மருத்துவமனைக்கு வந்து போகும் செலவும், கூட வருபவர் இழக்கும் நாள் கூலியும் குடும்பத்தின் தலையில்தான். "இத்தனை நோயாளிகளுக்கு ஓராண்டுப் போக்குவரத்துச் செலவு" என்று இலக்கு வைத்தால் கொடுப்பவருக்கும் புரியும், நமக்கும் முடிவு தெரியும்.

*ஜகாத்தும் ஸதகாவும் கலக்கக் கூடாது.* ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்று எட்டு வகையினர் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். கொடுப்பவர் "இது ஜகாத்" என்றால் ரசீதில் அப்படியே எழுதி, தனிக் கணக்கில் வைத்து, தகுதி உள்ள நோயாளிக்கு மட்டும் சேர்க்க வேண்டும். வேன் டீசலுக்கோ டி-ஷர்ட்டுக்கோ அதில் ஒரு ரூபாயும் போகக் கூடாது.

*பணம் அறக்கட்டளைக் கணக்கில் நேரடியாக வரட்டும்.* ஒரு தம்பியின் கைப்பேசி எண்ணுக்கு ஜீபேயில் வாங்கி, பிறகு மாற்றிக் கொள்ளலாம் என்பது வேண்டாம். நல்ல மனிதரையும் அது சந்தேகத்துக்கு ஆளாக்கும். 80ஜி சான்று பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுப்பவர் பழைய வரி முறையில் இருந்தால் வருமான வரிச் சலுகை பெறலாம். ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை. ஆகவே பெரிய தொகை வங்கி வழியாகவே வரட்டும்.

*வெளிநாட்டுப் பணத்தில் கவனம்.* நம் குடும்பங்களில் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆள் இல்லாத வீடு குறைவு. "மாமா சிங்கப்பூரிலிருந்து அனுப்புகிறார்" என்று சொல்லும் முன் ஒன்றைக் கேட்டுக் கொள்ளுங்கள்: அவர் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டா, அந்நாட்டுப் பாஸ்போர்ட்டா? இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் உழைத்துச் சேமித்ததை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கி வைத்தால் போதும். அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், இரத்த உறவாகவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற அறக்கட்டளை மட்டுமே, அதற்கென உள்ள தனி வங்கிக் கணக்கில் மட்டுமே அதை வாங்கலாம். இதை அறியாமல் வாங்கிய சிறு தொகையும் அறக்கட்டளையைப் பெரிய சிக்கலில் மாட்டிவிடும்.

*திரும்பி வந்த முப்பது நாளுக்குள் கணக்கு.* வந்தது எவ்வளவு, யாருக்குப் போனது எவ்வளவு, பயணச் செலவை ஏற்றது யார் என்று ஒரே தாளில் எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். நோயாளிகளின் பெயரும் படமும் மட்டும் அதில் வேண்டாம். மண்டியில் அன்றாடம் சிட்டை எழுதிப் பழகியவர்களுக்கு இது சிரமமே இல்லை.

குழு என்றால் என்ன?

முதல்முறை போகிற குழுவுக்கு ஆறு முதல் பத்துப் பேர் போதும். பதினெட்டு வயது நிரம்பியவர்களாக இருக்கட்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் நாற்பது கடந்தவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டே பெயர் கொடுக்க வேண்டும்.

பொறுப்புகளை முன்னரே பிரித்துவிடுங்கள். அமீர் ஒருவர், வழியில் எடுக்கும் முடிவு அவருடையது. முன்னே போகிறவர் ஒருவர்; வழியும் வேகமும் அவர் கையில். கடைசியில் வருகிறவர் ஒருவர். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் ஒருவர், முதலுதவி தெரிந்தவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர். பின்னால் ஒரு வேன், அதில் ஓட்டுநரோடு உதவிக்கு ஒருவர்.

இவர்களில் மிக முக்கியமானவர் முன்னே போகிறவர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் குழுவைக் காப்பாற்றுபவர் கடைசி ஆள்தான். குழுவில் நல்ல பலசாலியை அந்த இடத்தில் வையுங்கள். களைத்துப் பின்தங்கும் தம்பிக்கு அவர் துணை. அவர் தாண்டிப் போய்விட்டால், பின்தங்கியவர் நெடுஞ்சாலையில் தனி ஆள். குழுவின் வேகம் என்பது அதில் மெதுவானவரின் வேகம். மணிக்கு 18 முதல் 20 கிலோமீட்டர் என்றால் தாராளம். இது பந்தயம் இல்லை. முதலில் வந்தவருக்குப் பரிசும் இல்லை.

வரிசையாகப் போவதில் ஒரு நன்மை உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொண்டு போகிறார். பின்னால் ஒட்டி வருகிறவருக்கு அந்த உழைப்பு குறைகிறது. எதிர்காற்றில் இது நன்றாகவே தெரியும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் ஒதுங்கிப் பின்னுக்கு வர, அடுத்தவர் முன்னே போகலாம். ஆனால் இரு சக்கரங்களுக்கு இடையில் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி வேண்டும். பள்ளம் என்றால் கையால் காட்டுவது, நிறுத்துவது என்றால் கையை உயர்த்துவது, பின்னால் லாரி வந்தால் கடைசி ஆள் "வண்டி!" என்று குரல் கொடுப்பது ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே பழகியிருக்க வேண்டும்.

மிதிக்க இயலாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ரசீது எழுதுவது, தங்குமிடம் பேசி வைப்பது, உணவு ஏற்பாடு, நோயாளிகளின் வீட்டுக்குப் போய் விவரம் சேகரிப்பது எல்லாம் பயணத்தின் பாதிப் பளு. பெண்கள் தங்களுக்குள் ஒரு குழு அமைத்து ஒருநாள் பயணமாகத் தொடங்கலாம்; புதுக்கோட்டை அதற்கு முன்மாதிரி.

உடலைத் தயார் செய்வது

"மார்க்கெட்டுக்குத் தினமும் சைக்கிளில்தானே போகிறேன்" என்பது போதாது. ஒரு நாள் 60 கிலோமீட்டர் மிதிப்பது பலருக்கும் முடியும். மறுநாள் காலை அதே சீட்டில் மறுபடி உட்காருவதில்தான் சோதனை.

பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள். வாரத்தில் மூன்று நாள் ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட பயணம்: முதலில் மார்க்கெட்டிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் சுற்றி வருவது, பிறகு முக்கொம்பு, பிறகு கல்லணை என்று தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கடைசி நான்கு வாரத்தில் இரண்டு முறையாவது சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்த இரு நாளும் 50 கிலோமீட்டர் மிதித்துப் பாருங்கள். அந்த இரண்டாம் நாள் உங்கள் உடலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடும். புறப்படும் வாரத்தில் ஓய்வெடுங்கள்.

சீட்டின் உயரம் சரியாக இல்லாவிட்டால் முழங்கால் வலிக்கும். சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம்.

உட்காரும் இடத்தில் புண் வருவதே பலரைப் பாதியில் திருப்பி அனுப்புவது. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை கிடைக்கிறது. அதைத் தனி உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும், தினமும் துவைக்க வேண்டும். அதன்மேல் முழங்காலை மறைக்கும் தளர்வான டிராக் பேன்ட் போட்டுக் கொள்ளலாம். செயினில் மாட்டாமல் வலது காலில் ஒரு ரப்பர் பட்டை.

தண்ணீரைத் தாகம் எடுக்கும் வரை தள்ளிப் போடாமல், கால்மணிக்கு ஒருமுறை சில மிடறு குடியுங்கள். வியர்வையில் உப்பும் போகிறது என்பதால் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. ஓஆர்எஸ் பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர் எல்லாம் வழியிலேயே கிடைக்கும். மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மிதிக்க நினைக்காதீர்கள். அதை இரவுக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

சைக்கிள்

விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. கியர் உள்ள சாதாரண சைக்கிள் சமதளத்துக்குப் போதும். தடித்த டயர் மலை வண்டியைவிட ஓரளவு மெல்லிய டயர் வண்டி இலகுவாக ஓடும். பயணத்துக்கு முந்தின நாள் புது வண்டி வாங்கி வருவது மட்டும் வேண்டாம். உடல் பழகிய வண்டியே நல்லது. இரண்டு வாரத்துக்கு முன்பே சைக்கிள் கடையில் பிரேக் கட்டை, செயின், சக்கரக் கோட்டம், டயர் எல்லாம் பார்த்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்பிகள், குழுவுக்கு இரண்டு காற்றுப் பம்பு, ஸ்பேனர் கட்டு. ஹெல்மெட் இல்லாதவர் வரிசையில் நிற்கக் கூடாது. சைக்கிளுக்குச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் நாம் கட்டாயமாக்க வேண்டும். ஒளிரும் மேலங்கியும், பின்னால் சிவப்பு விளக்கும் அப்படியே.

எந்த வழி? எந்த மாதம்?

முதல் பயணத்துக்கு நீலகிரி வேண்டாம். நமக்கு மேடு பள்ளம் இல்லாத காவிரிப் படுகை கிழக்கே விரிந்து கிடக்கிறது. ஒரு மாதிரித் திட்டம்:

முதல் நாள் திருச்சி – தஞ்சாவூர், ஏறத்தாழ 57 கி.மீ. இரண்டாம் நாள் தஞ்சாவூர் – கும்பகோணம், 40. மூன்றாம் நாள் கும்பகோணம் – திருவாரூர் – நாகூர், 65. நான்காம் நாள் நாகூர் – திருவாரூர் – மன்னார்குடி, 53. ஐந்தாம் நாள் மன்னார்குடி – தஞ்சாவூர், 38. ஆறாம் நாள் தஞ்சாவூர் – திருச்சி, 57. மொத்தம் ஏறத்தாழ 310 கிலோமீட்டர். எல்லா ஊரிலும் ஜமாஅத் உண்டு. முன்கூட்டிப் பேசினால் தங்க இடமும் கிடைக்கும், அவ்வூர் மக்களிடம் நோக்கத்தைச் சொல்லவும் வாய்ப்புக் கிடைக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் திருச்சி வெயிலில் இதை நினைக்கவே கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. கடலோர மாவட்டங்களில் புயல். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி ஏற்றது. நோன்பு மாதத்தோடு மோதாமல் நாள் குறித்துக் கொள்ளுங்கள். அந்தப் பருவத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளிவிடும் காற்று. உடல் புதிதாக இருக்கும் நாளில் சிரமமும், களைத்த நாளில் உதவியும் கிடைப்பது நல்லதுதான்.

ஒரு எச்சரிக்கை: அது சம்பா அறுவடைக் காலம். படுகைச் சாலைகளில் நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள்; வைக்கோல் கிடக்கும்; அறுவடை இயந்திரமும் டிராக்டரும் எதிரே வரும். நெல்மேல் சக்கரம் வழுக்கும். அதோடு, அது ஒரு விவசாயியின் ஆண்டு வருமானம். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை.

காலை ஆறரைக்குக் கிளம்பி, பதினொன்றரைக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுங்கள். இருட்டில் மிதிக்க வேண்டாம். நாற்கரச் சாலையில் சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு பேர் இணையாகப் பேசிக் கொண்டு போவது கூடாது. காதில் பாட்டுக் கருவி கூடாது. வழியில் உள்ள காவல் நிலையங்களுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து வையுங்கள். விபத்து என்றால் முதலில் 108. படம் எடுப்பது பிறகுகூட வேண்டாம். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் சேரலாம். விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். குழுவில் ஒருவரும் இது இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

தொழுகை நேரங்களை வைத்தே நிறுத்தங்களை அமைத்துக் கொள்ளலாம். கஸர், ஜம்உ விஷயத்தில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு. குழுவில் இருவகையினரும் இருப்பார்கள். கிளம்பும் முன் நம் இமாமிடம் அமர்ந்து தெளிவு பெற்றுக் கொள்ளுங்கள். வழியில் விவாதம் வேண்டாம்.

நிய்யத்

கடைசியாக ஒன்று. இரகசியமாகக் கொடுப்பதைச் சிறப்பித்துச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. சைக்கிள் பயணமோ ஊரறியச் செய்வது. இந்த முரண்பாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. எச்சரிக்கையாக வைத்துக் கொண்டால் போதும். நோயாளியின் தேவையை ஊரறியச் சொல்லுங்கள்; மிதித்தவரின் பெருமையைச் சொல்லாதீர்கள். பேனரில் தலைவர்களின் முகமும் வேண்டாம், மிதிப்பவர்களின் முகமும் வேண்டாம். நோக்கம் ஒரு வரியில் இருக்கட்டும்.

மூன்றாம் நாள் எதிர்காற்றில் ஒரு தம்பிக்கு முடியாமல் போகலாம். வேனில் ஏறிக் கொள்வதில் வெட்கம் இல்லை என்று அமீர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முந்நூறு கிலோமீட்டரில் அவர் இருநூறுதான் மிதித்தார் என்பதற்காக நோயாளிக்குச் சேரும் பணத்தில் ஒரு ரூபாய் குறையப் போவதில்லை. ஆனால் பிடிவாதத்தால் அவர் விழுந்துவிட்டால், நாம் உதவப் போன மருத்துவமனைக்கு நாமே ஒரு நோயாளியைக் கொண்டு போய்ச் சேர்த்தவர்கள் ஆவோம்.

பெரியவர்களே, இளைஞர்கள் இந்த விதிகளோடு வந்தால் தடுக்காதீர்கள். வேனுக்கும் ஒருநாள் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள். தம்பிமார்களே, விதிகள் கடினமாகத் தோன்றினால் இந்த ஆண்டு முக்கொம்பு வரை ஒருநாள் போய் வாருங்கள். போனவர்கள் அனைவரும் சேர்ந்தே திரும்பி, கணக்கும் ரூபாய் பிசகாமல் பலகையில் ஏறினால், அடுத்த ஆண்டு இன்ஷா அல்லாஹ் நாகூர் வரை போகலாம்.